அடுப்படிக்கு 62 எட்டு

சிவமயம்

அன்புள்ள மகள் உமையாளுக்கு,

ஆத்தா எழுதுவது. நேற்று வீடியோவில் நீ கண் கலங்கினதைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். நேரில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய், அதனால்தான் எழுதுகிறேன். உயரமான நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், பயப்படாதே.

அடுப்படிப் பக்கமே போகக் கூடாது, ஆள் வைத்துக்கொண்டு படுத்திரு என்கிறாய். ஆடியில் பின்கட்டில் கழுவிவிட்ட ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கி விழுந்து, ஆபரேஷனில் இடுப்பு மூட்டுப் பந்தை மாற்றி, இப்போது 11 வாரம் ஆகிறது. இதில் முதல் மூன்று வாரம் நீ சொல்கிற மாதிரிதான் படுத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளைக் கொடுத்தார்கள், அத்தனையும் இங்கிலீஷ், சோபாவில் ஒரு வெள்ளைக்காரம்மா உட்கார்ந்திருக்கிற படம். தாழ்வாக உட்காரக் கூடாது என்று போட்டிருந்தது. நம் வீட்டில் எதுதான் தாழ்வு இல்லை? சாப்பாடு பட்டியக்கல்லில், அரிவாள்மனை தரையில், சாமி கும்பிடுவது தரையில். ஒரு கதவைத் தாண்டினால் ஒரு நிலைப்படி.

அப்புறம்தான் மதுரையிலிருந்து அந்தப் பெண் வந்தது, ஆக்குபேஷனல் தெரபி படித்த பெண். உன் அப்பச்சி, "ஆக்குபேஷன் என்றால் உத்தியோகம்தானே, இவளுக்கு என்ன உத்தியோகம் வாங்கித் தரப்போகிறாய்?" என்று கேட்டு மானத்தை வாங்கினார். அது சிரித்துக்கொண்டே, காலையில் எழுந்ததிலிருந்து ஒரு மனுஷர் செய்கிற எல்லாமே அதில் சேர்த்தி என்றது. பல் தேய்ப்பது, சேலை கட்டுவது, சமைப்பது, கோவிலுக்குப் போவது எல்லாம். நம் நாட்டில் இதற்கு முதல் பள்ளியை 1950-இல் பம்பாயில் கமலா நிம்ப்கர் என்ற அம்மா ஆரம்பித்தார்களாம். அமெரிக்காவில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவராம். இத்தனை வருஷம் நம் காதில் விழவே இல்லை பார்.

வந்த பெண் என் காலைத் தொடவே இல்லை. அரை மணி நேரம் வீட்டைச் சுற்றிப் பார்த்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, குளியலறை என்று ஒரு டேப்பை வைத்து அளந்தது. கட்டிலிலிருந்து அடுப்படிக்கு 62 எட்டு வைக்க வேண்டும், நடுவில் உட்கார ஒரு இடம் கிடையாது என்று எழுதிக்கொண்டது. பிறகு என்னிடம், "ஆச்சி, காலையில எந்திரிச்சதும் என்ன செய்வீக? அதுல எதை விட்டுட்டு இருக்க முடியல?" என்றது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வலிக்கிறதா என்று ஊரே கேட்டது, இதை ஒருத்தரும் கேட்கவில்லை. காப்பி நானே போட வேண்டும் என்றேன். அவ்வளவுதான் வாயில் வந்தது.

மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டுக் கட்டில் கால் நாலுக்கும் குழி எடுத்த கட்டைகள் வைத்தோம். தரையிலிருந்து என் முழங்கால் மடிப்பு 17 அங்குலம். உட்காரும் இடம் 20 அங்குலம் இருந்தால் இடுப்பு முழங்காலுக்கு மேலேயே இருக்கும், தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடங்காது. எனக்குப் பின்பக்கமாக அறுத்திருப்பதால் அப்படி மடக்கினாலோ, கால் மேல் கால் போட்டாலோ, காலை உள்பக்கமாகத் திருப்பினாலோ பந்து நழுவிவிடலாம். நீ ஆன்லைனில் அனுப்பினாயே அந்தச் சாய்வு நாற்காலி, மெத்துமெத்தென்று, அதில் உட்கார்ந்தால் இடுப்பு உள்ளே போய்விடுகிறது. அந்தப் பெண் பார்த்த உடனே அதை முகப்புக்கு அனுப்பிவிட்டது. உன் அப்பச்சி அதில்தான் மத்தியானம் தூங்குகிறார், காசு வீண் இல்லை. கக்கூஸுக்கு உயரம் கூட்டும் இருக்கை, சுவரில் கைப்பிடி, குளிக்க ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, இவ்வளவுதான் புதிதாக வாங்கினது.

சேலை கட்டப் பழகினது தனிக் கதை. உள்பாவாடையைக் குனிந்து மாட்டக் கூடாது, தலை வழியாகப் போட்டுக்கொள்ள வேண்டும். 66 வயதில் கவுன் போட்ட சின்னப் பிள்ளை மாதிரி இருந்தது. கீழே விழுந்ததை எடுக்க ஒரு நீளக் குச்சி, நுனியில் கவ்வுகிற மாதிரி. உன் அப்பச்சி அதற்குத் தொரட்டி என்று பேர் வைத்துவிட்டார். வாக்கர் பிடித்தால் இரண்டு கையும் போய்விடுகிறதே, சொம்பை எப்படித் தூக்குவது? அதற்குப் போன வருஷக் கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் பையை வாக்கரில் தைத்துக்கொண்டேன், இந்த யோசனை என்னுடையது. மூடி இறுக்கின பாட்டில் அதில் நிற்கும். இப்போது கைத்தடிதான், அறுத்தது வலது பக்கம் என்பதால் இடது கையில். திண்ணைப் படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுத்த கால் முதலில்.

அடுப்படியில் நின்றுகொண்டே எல்லாம் செய்வதில்லை. காய் நறுக்குவது உயர ஸ்டூலில் உட்கார்ந்து. பாத்திரத்தைத் தூக்காமல் மேடை மேலேயே தள்ளிக்கொண்டு போகிறேன். சாமான் எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தட்டுக்கு வந்துவிட்டது. 62 எட்டுக்கு நடுவில், வளவுத் தூண் பக்கத்தில், கை வைத்த மர நாற்காலி ஒன்று போட்டிருக்கிறது. அந்தப் பெண் வந்த இருபதாம் நாள் காப்பி போட்டேன். டிகாக்‌ஷன் கொஞ்சம் தண்ணியாகத்தான் இருந்தது, உன் அப்பச்சி ஒன்றும் சொல்லாமல் குடித்தார். அதுவே அதிசயம்.

அவருக்கும் அர்ச்சனை கிடைத்தது. என்னைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார், டிஸ்க் விலகின முதுகோடு. அப்படித் தூக்கினால் எனக்குத் தோளும் அவருக்கு முதுகும் போகும், நான்தான் நாற்காலி விளிம்புக்கு நகர்ந்து, அறுத்த காலை முன்னால் நீட்டி, கைப்பிடியை அழுத்தி எழ வேண்டுமாம். வாளி தூக்கினால் முழங்காலை மடக்கி, வாளியை வயிற்றோடு ஒட்டி, திரும்ப வேண்டுமானால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்பச் சொன்னது. மூன்று நாள் கேட்டார், இப்போது பழையபடிதான். உன் சின்னாத்தாளும் முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்டு முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுத்திருந்தாள், சுகமாக இருக்கிறதென்று. அப்படியே இருந்தால் கால் நீளாது என்று அந்தப் பெண் தலையணையை உருவிவிட்டது.

ஒன்று மட்டும் மனசுக்கு ஆறவில்லை. தரையில் உட்காருவதை டாக்டர் சொல்லும்வரை நினைக்கவே கூடாதாம், சொல்லாமலே போகலாமாம். இந்த வருஷம் நடுவீட்டுக் கோலம் உன் அண்ணன் பொண்டாட்டி, அண்ணமிண்டிதான் போடும். நான் நாற்காலியில் உட்கார்ந்து கோலம் தப்பாகிறது என்று சத்தம் போடுவேன். பிள்ளையார் நோன்புக்கு 21 நூல் சேர்த்த இழையும் அதை வைத்து ஏற்றுகிற இழைமாவும் நான்தான் எடுத்து வைப்பேன், அதற்கு மேசை போதும். நீ மார்கழியில் வரும்போது அப்பச்சி கையால் இழை எடுத்துக்கொள். நீங்கள் எல்லோரும் கீழே, நான் மேலே, அவ்வளவுதான்.

ஆகவே இனிமேல் போன் பண்ணினால் வலியைக் கேட்காதே, என்ன சமைத்தேன் என்று கேள். கைத்தடியின் அடி ரப்பர் தேய்ந்துவிட்டது, அதை மாற்ற வேண்டும். இங்கே காரைக்குடியிலேயே கிடைக்கிறது, நீ ஆன்லைனில் தேட ஆரம்பிக்காதே.

இப்படிக்கு,
ஆத்தா