சொந்தத்தில் கட்டியவர்கள் அல்ல நாங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில், அறிவு வளர்ச்சியைக் குறைத்து எலும்பையும் தசையையும் பலவீனமாக்கும் ஸ்னைடர்-ராபின்சன் என்ற அரிய மரபணு நோயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயரைத் தமிழில் அச்சில் பார்த்ததும் சந்தோஷப்பட்டேன். கடைசிப் பத்தி வரைக்கும்தான். "நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்வதன் விளைவு இது" என்று முடித்திருக்கிறீர்கள்.

என் பையனுக்கு 11 வயது. இதே நோய்தான். அவன் அப்பாவுக்குக் கரூர், எனக்கு நாகர்கோவில். தரகர் கொண்டுவந்த வரன்.

தங்களுக்குத் தெரியாததா? கோளாறு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண் என்பதால் எனக்கு எக்ஸ் இரண்டு, ஒன்று பழுதானாலும் இன்னொன்று இருந்ததால் தப்பித்தேன். ஆண் என்பதால் பையனுக்கு ஒன்றுதான், அதையும் நான்தான் கொடுத்தேன். என்னைப் போன்றவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாமன் மகனைக் கட்டினாலும் மங்கோலியாக்காரனைக் கட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது. சொந்தத்தில் கட்டுவதால் அதிகமாகும் நோய்கள் உண்டு, மறுக்கவில்லை. இது அதில் சேராது. 1969-இல் ஸ்னைடர், ராபின்சன் என்ற இரண்டு டாக்டர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். எந்த மரபணு என்று கண்டுபிடிக்க 2003 ஆனது. 34 வருஷ வேலையை உங்கள் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

என் தம்பியும் இப்படித்தான் இருந்தான். ஒல்லி உடம்பு, வளைந்த முதுகு, தடுமாறும் நடை. குலதெய்வக் குத்தம் என்றார்கள். என்ன நோய் என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தான். (சென்ற இதழில் மருத்துவப் பக்கத்தைத் திருப்பினால் தோஷ பரிகாரப் பக்கம். பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறீர்கள்.)

பையன் கட்டிலிலிருந்து இறங்கும்போதே தொடை எலும்பு முறிந்தது. அடுத்து கை முறிந்தபோது, ஒரு மருத்துவமனையில் என் கணவரை வெளியே நிற்கவைத்துவிட்டு, "வீட்டுல யாரும்மா பிள்ளையை அடிக்கிறது?" என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரிதான் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அவர் வீடு வரும்வரை பேசவே இல்லை. எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கச் சொல்ல இன்னும் இரண்டு முறிவு தேவைப்பட்டது.

நகைச்சுவைப் பக்கத்தில் 'அரை லூசு' என்று போடாதீர்கள் என்று இரண்டு வருஷத்துக்கு முன் எழுதினேன். பதில் இல்லை. அரிய நோய்க்கு மத்திய அரசு 50 லட்சம் வரை தரும் என்று செய்தி போட்டபோது சொந்தக்காரர்கள் போன் செய்து வாழ்த்தினார்கள். இந்த நோயைத் தீர்க்கும் மருந்து இருந்தால்தானே அந்தப் பணம்? எங்கள் கைக்கு வருவது மாதம் 2000 ரூபாய் உதவித்தொகை.

இதையெல்லாம் விடுங்கள். என் தங்கைக்குப் போன தை மாதம் கல்யாணம் ஆனது. குழந்தைக்கு முன்னால் மரபணுப் பரிசோதனை செய்துகொள் என்று ஆறு மாதமாகக் கெஞ்சுகிறேன். அதே அம்மா வயிற்றில் பிறந்தவள், அவளிடமும் அது இருக்கலாம். சென்ற வாரம் உங்கள் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்பினாள். "நாங்கதான் சொந்தத்துல கட்டலையே, எனக்கு எதுக்குக்கா?"

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். அதே பக்கத்தில், அதே எழுத்தளவில். நான் சொன்னால் கேட்கமாட்டாள், அச்சில் வந்தால் நம்புவாள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
கரூர்