மொத காண்ட்ராக்ட் போற தம்பிங்க கவனத்துக்கு

பாண்டி, கடலூர்லேர்ந்து புதுசா க்ரூஸ் கப்பல்ல வேலைக்கு ஏறப்போறவங்க இத படிச்சிடுங்கப்பா. இங்கிலீஷ் நல்லா வந்தாலும் மொத வாரம் தலை சுத்தும், சூப்பர்வைசர் "ஐ நைன்ட்டி ஃபைவ்ல நில்லு"ன்னா முழிக்காதீங்க, அது க்ரூ மட்டும் போற நீளமான காரிடார், அமெரிக்காவுல கிழக்குக் கரையோரமா போற ஹைவே பேர அதுக்கு வச்சிட்டாங்க, நம்ம ஈசிஆர் மாதிரி, ட்ராலி, லக்கேஜ், லாண்டரி எல்லாம் அதுலதான் ஓடும்.

சைன் ஆன்னா ஏறுறது, சைன் ஆஃப்னா காண்ட்ராக்ட் முடிஞ்சு எறங்குறது. டர்ன் அரவுண்ட் டேல பழைய கெஸ்ட் எறங்கி அன்னைக்கே புதுசு ஏறும், அன்னைக்கு ஹவுஸ்கீப்பிங் ஆளுங்ககிட்ட வாய் குடுக்காதீங்க. போர்ட்ல ஊர் சுத்தலாம்னு ஆசையா இருப்பீங்க, ஐபிஎம் (இன் போர்ட் மேனிங்) லிஸ்ட்ல உங்க பேர் இருந்தா அவ்ளோதான், சேஃப்டிக்காக கப்பல்லயே இருக்கணும்.

கிச்சன் பசங்களுக்கு யூஎஸ்பிஹெச்னாலே வயித்த கலக்கும், அமெரிக்க சுகாதார இன்ஸ்பெக்ஷன் அது, 100க்கு 86 எடுத்தாதான் பாஸ்.

முக்கியமா, ஏழு சின்ன ஹாரன், அப்புறம் ஒரு பெரிய ஹாரன் கேட்டா எல்லாத்தையும் போட்டுட்டு எமர்ஜென்சி ட்யூட்டி எடத்துக்கு ஓடணும். அனவுன்ஸ்மெண்ட்ல கோட் வேர்டுதான் சொல்லுவாங்க, பிராவோன்னா பெரும்பாலும் தீ, ஆஸ்கர்னா யாரோ கடல்ல விழுந்துட்டாங்க, ஆனா கம்பெனிக்கு கம்பெனி மாறும், ஏறுன அன்னைக்கே கேட்டு வச்சுக்கோங்க.

மத்த டவுட்டு ஞாயித்துக்கிழம சாயங்காலம் பீச்ல காந்தி சிலைகிட்ட நேர்ல கேளுங்க, ஏஜெண்ட் பண விஷயம் குரூப்ல வேணாம்.