வாக்குச்சாவடிக்கு வெளியே நடப்பதையும் எண்ணுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜனநாயகம் நலிகிறது என்று யாராவது எழுதினால் உடனே ஒரு மறுப்பு வருகிறது: "தேர்தல் குறித்த காலத்தில் நடக்கிறது, மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் ஆள்கிறார்கள், இதில் என்ன குறை?" நியாயமான கேள்விதான். பொத்தாம்பொதுவாகக் கவலைப்படுவது இதற்குப் பதிலாகாது. எந்த விதி, எந்தத் தேதியில், எத்தனை பேரின் வாக்கால் மாறியது என்று காட்ட வேண்டும். அப்படிக் காட்டுவதற்கு ஹங்கேரியைவிடத் தெளிவான சான்று இல்லை. 2010க்குப் பின் அங்கே எந்தப் பொதுத்தேர்தலும் தள்ளிப்போகவில்லை, ராணுவம் தெருவுக்கு வரவில்லை. ஆளும் கட்சியின் கையைக் கட்டும் ஏற்பாடுகள் மட்டும் ஒவ்வொன்றாக அவிழ்க்கப்பட்டன, அதுவும் சட்டத்தின் வழியிலேயே.

2010 ஏப்ரலில் விக்டர் ஓர்பான் தலைமையிலான ஃபிடெஸ் கட்சியின் கூட்டணி சுமார் 53 விழுக்காடு வாக்குகளுடன் 386 இடங்களில் 263ஐ வென்றது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். ஹங்கேரியில் ஒரே அவைதான். அந்த அவையின் மூன்றில் இரண்டு பங்கு இருந்தால் அரசமைப்பைத் திருத்தலாம். புதிய அரசமைப்பை எழுதுவதற்கான நடைமுறைக்கு மட்டும் ஐந்தில் நான்கு பங்கு வேண்டும் என்று 1995இல் ஒரு பாதுகாப்பைச் சேர்த்திருந்தார்கள். ஆனால் அந்தப் பாதுகாப்பை நீக்கவும் ஐந்தில் நான்கு வேண்டும் என்று எழுத மறந்துவிட்டார்கள். கதவைப் பூட்டிச் சாவியைக் கதவிலேயே தொங்கவிட்டதைப் போல. 2010 ஜூலையில் மூன்றில் இரண்டு பங்கை வைத்தே அதை நீக்கினார்கள். 2011 மார்ச் 14 அன்று தாக்கலான புதிய அரசமைப்பு ஏப்ரல் 18 அன்று நிறைவேறியது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்துக்குக் கிடைத்த அவகாசம் ஐந்து வாரம்.

முதலில் கைவைத்தது அரசமைப்பு நீதிமன்றத்தில். அது சாதாரண நீதிமன்றமல்ல. 1990இலேயே மரண தண்டனையை ஒழித்த நீதிமன்றம், எந்தக் குடிமகனும் எந்தச் சட்டத்தையும் எதிர்த்து நேரடியாக மனுச் செய்ய 2011 இறுதிவரை வழியிருந்த இடம். அதற்கான நீதிபதிகளை முன்மொழியும் குழுவில் அதுவரை அவையிலுள்ள ஒவ்வொரு கட்சிக்கும் ஓர் உறுப்பினர் இருந்ததால், எதிர்க்கட்சியின் சம்மதமில்லாமல் பெயரே மேலே போகாது. குழுவின் இடங்களைக் கட்சிகளின் பலத்துக்கேற்பப் பகிர்வதென மாற்றியதும் அந்தச் சம்மதம் தேவையற்றுப்போனது. நீதிபதிகளின் எண்ணிக்கை 11இலிருந்து 15 ஆனது, பதவிக்காலம் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளானது. இதற்கிடையே, அரசு ஊழியர்களின் பணிவிலகல் தொகைமீது முன்தேதியிட்டுப் போட்ட 98 விழுக்காட்டு வரியை 2010 அக்டோபரில் நீதிமன்றம் செல்லாது என்றது. அடுத்த மாதமே, வரவுசெலவு, வரி ஆகியவை தொடர்பான சட்டங்களை ஆராயும் அதன் அதிகாரம் வெட்டப்பட்டது. நாட்டின் கடன் மொத்த உற்பத்தியில் பாதிக்குமேல் இருக்கும்வரை இந்தக் கட்டுப்பாடு நீடிக்கும் என்று புதிய அரசமைப்பும் எழுதிவைத்தது.

மற்ற நீதிமன்றங்களுக்குக் கையாண்ட வழி இன்னும் எளிது. ஓய்வுபெறும் வயதை 70இலிருந்து 62க்குக் குறைத்தார்கள். யாரையும் பதவிநீக்கம் செய்யத் தேவையில்லாமலே, 2012இல் மூத்த நீதிபதிகள் இருநூறுக்கும் மேற்பட்டோர் வெளியேற நேர்ந்தது. நீதிமன்றங்களின் தலைமைப் பொறுப்புகளில் இருந்தவர்களில் பலர் அந்த வயதுக்காரர்கள்தான். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 நவம்பரில் இதை வயதுப் பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. அதற்குள் முக்கியமான நாற்காலிகளில் வேறு ஆட்கள் அமர்ந்துவிட்டார்கள். பலருக்கு இழப்பீடு கிடைத்ததே தவிர பழைய பொறுப்பு திரும்பவில்லை. நீதி தவறாமல் கிடைத்தும் பத்து மாதத் தாமதத்தால் பயனற்றுப்போகும் என்பதை இந்த வழக்கைவிட நன்றாக எதுவும் காட்டாது.

தேர்தல் முறைக்கு வருகிறேன். "மக்கள்தானே வாக்களிக்கிறார்கள்" என்போர் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டிய இடம் இது. அவை 386இலிருந்து 199 இடங்களாகச் சுருங்கியது: 106 தனித்தொகுதிகள், கட்சிகளின் வாக்கு விகிதத்துக்கேற்பப் பகிரப்படும் 93 கட்சிப் பட்டியல் இடங்கள். இரண்டு சுற்று வாக்கெடுப்பு ஒரே சுற்றானது. முன்பு முதல் சுற்றில் பிரிந்து நின்ற எதிர்க்கட்சிகள் இரண்டாம் சுற்றில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்துச் சேர முடிந்தது. இப்போது தேர்தலுக்கு முன்பே சேர்ந்தால்தான் உண்டு. தொகுதி எல்லைகளும் ஆளும் கட்சி இயற்றிய சட்டத்தாலேயே வரையப்பட்டன.

இவற்றைவிட நுட்பமானது உபரி வாக்குக் கணக்கு. தொகுதியில் தோற்றவரின் வாக்குகள் வீணாகாமல் அவருடைய கட்சியின் பட்டியல் கணக்கில் சேர்வது பழைய ஏற்பாடு. சிறிய கட்சிகளுக்கான நியாயம் அது. புதிய சட்டம் வென்றவருக்கும் அதே சலுகையைக் கொடுத்தது. ஒரு தொகுதியில் முதலிடத்தவர் 20,000, இரண்டாமவர் 15,000 வாக்குகள் பெற்றால், தோற்றவரின் 15,000 அவருடைய பட்டியலுக்குப் போகும். வென்றவருக்கோ, தொகுதியும் கிடைத்து, வெற்றிக்குத் தேவைப்படாத 4,999 வாக்குகளும் பட்டியலுக்குப் போகும். விளைவைப் பாருங்கள். 2014இல் ஃபிடெஸின் பட்டியல் வாக்கு 45 விழுக்காட்டுக்குச் சற்றே கீழே இறங்கியது, நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டுப் புள்ளி வீழ்ச்சி. கிடைத்த இடங்கள் 133. 199இல் மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவையான எண்ணிக்கை மிகச்சரியாக அதுவே. வென்றவரின் உபரி கணக்கில் சேராதிருந்தால் அது கிட்டியிராது. வாக்குகள் எண்ணப்பட்டன, வாக்கு எப்படி இடமாகிறது என்ற வாய்ப்பாடுதான் மாறியிருந்தது.

ஊடகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், முறை எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஒழுங்குமுறைக் குழுவின் ஐந்து உறுப்பினர்களும் ஆளும் தரப்பு முன்மொழிந்தவர்கள், ஒன்பதாண்டுப் பதவி. அரசு விளம்பரம் ஆதரவான இதழ்களுக்கே போனது. 2018இல் நானூறுக்கும் மேற்பட்ட ஊடக நிறுவனங்களை அவற்றின் உரிமையாளர்கள் ஒரே அறக்கட்டளைக்குக் கொடையாகக் கொடுத்தார்கள். அந்த இணைப்பு தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என்று அரசு அறிவித்ததால் போட்டி ஆணையம் அதை ஆராயவே முடியவில்லை.

இத்தனைக்கும் மக்கள் ஏன் இசைந்தார்கள்? இதைக் கேட்காமல் ஓர்பானை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது. 2008க்கு முன், உள்நாட்டு வட்டி அதிகம் என்பதால் ஏராளமான குடும்பங்கள் சுவிஸ் பிராங்கில் வீட்டுக்கடன் வாங்கின. அப்போது ஒரு பிராங்க், ஹங்கேரியின் நாணயத்தில் ஏறத்தாழ 150 ஃபோரின்ட். 2011இல் அது 240ஐத் தாண்டியது. சம்பளம் ஃபோரின்டில், தவணை பிராங்கில். நாணய மாற்று ஆபத்து வங்கியுடையதா குடும்பத்துடையதா என்ற கேள்விக்கு அன்றைய சோஷலிஸ்டுகளும் தாராளவாதிகளும், இது ஒப்பந்தச் சுதந்திரம் என்பதற்குமேல் உருப்படியான பதில் வைத்திருக்கவில்லை. ஓர்பான் அரசு 2011இல் 180 ஃபோரின்ட் விலையில் கடனை மொத்தமாக அடைக்கலாம் என்று சட்டம் போட்டது. கையில் மொத்தப் பணம் இருந்தவர்களுக்கே அது பயன்பட்டது என்பது உண்மை. ஆனாலும் யார் தங்களுக்காக ஏதோ செய்தார்கள் என்பதை மக்கள் பார்த்தார்கள். 1990இல் நாட்டின் இரண்டாவது பெரிய கட்சியாக இருந்த தாராளவாதக் கட்சி 2010இல் ஓரிடமும் பெறவில்லை. உரிமை பேசுகிறவர்கள் அடமானத்தில் கிடக்கும் வீட்டைப் பற்றிப் பேசாவிட்டால், வேறொருவர் வந்து அந்த வீட்டைப் பற்றிப் பேசி உரிமையை எடுத்துக்கொள்வார்.

"அடுத்த தேர்தலில் மாற்றிக்கொள்ளலாமே" என்பாருக்குப் போலந்தைக் காட்ட வேண்டும். அங்கே 2015இல் வென்ற கட்சிக்கு அரசமைப்பைத் திருத்தும் பலம் இல்லை. 460இல் 235 இடங்கள்தான். ஆகவே சாதாரணச் சட்டங்களாலும், அரசமைப்புத் தீர்ப்பாயத்தின் தீர்ப்பை அரசிதழில் அச்சிட மறுப்பது போன்ற செயல்களாலும் வேலையை முடித்தார்கள். நீதிபதிகளைத் தேர்வுசெய்யும் மன்றத்தின் 15 நீதிபதி உறுப்பினர்களை, நீதிபதிகளுக்குப் பதிலாக நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. 2023 அக்டோபரில் வாக்காளர்களில் 74 விழுக்காட்டினர் வாக்குச்சாவடிக்கு வந்தார்கள், ஆட்சி மாறியது. புதிய கூட்டணிக்கு 248 இடங்கள். குடியரசுத் தலைவரின் தடுப்புரிமையை (வீட்டோ) மீற ஐந்தில் மூன்று பங்கு வேண்டும், அதாவது எல்லோரும் வந்திருந்தால் 276. புதிய மன்றத்தின் வழியே பதவிபெற்ற நீதிபதிகளோ ஆயிரக்கணக்கில். அவர்களை ஒரேயடியாக நீக்கினால் அவர்கள் தீர்த்த விவாகரத்து, சொத்து, குற்ற வழக்குகள் என்னாகும்? நீக்காவிட்டால் அந்த நியமன முறையை ஏற்றதாகிவிடும். பொதுத் தொலைக்காட்சியை மீட்க அதன் நிர்வாகத்தைக் கலைத்து, நிறுவனத்தையே கலைப்பு நடைமுறைக்குள் கொண்டுபோனபோது, சட்டத்தின் ஆட்சியை மீட்க வந்தவர்களே சட்டத்தை வளைக்கிறார்களா என்ற கேள்வியும் எழுந்தது. இடிப்பதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும், திரும்பக் கட்ட அது போதவில்லை.

இந்த இரு நாடுகளையும் பார்த்துக்கொண்டிருந்த ஜெர்மனி, 2024 டிசம்பரில் தன் கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றத்தின் அமைப்பை, அடிப்படைச் சட்டம் எனப்படும் தன் அரசமைப்புக்குள்ளேயே எழுதிக்கொண்டது. 16 நீதிபதிகள், இரண்டு அமர்வுகள், பன்னிரண்டாண்டுப் பதவிக்காலம், 68 வயது உச்சவரம்பு: இவை அதுவரை சாதாரணப் பெரும்பான்மையால் மாற்றக்கூடியவையாக இருந்தன. ஓர் அவையில் நீதிபதித் தேர்வு முடங்கினால் மற்ற அவை தேர்ந்தெடுக்கவும் வழிசெய்யப்பட்டது. ஆனால் நீதிபதிகளை மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதி மட்டும் இன்னும் சாதாரணச் சட்டத்தில்தான் இருக்கிறது. அந்த ஓட்டையையும் அடைத்திருக்க வேண்டும்.

நாளிதழ்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த நாட்டு நாடாளுமன்றத்தைப் பற்றிய செய்தியானாலும், தலைவர்களின் வாக்குவாதத்துக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியை மசோதாவின் உள்ளடக்கத்துக்குக் கொடுங்கள். தாக்கலுக்கும் வாக்கெடுப்புக்கும் இடையே எத்தனை நாள், அதை அமைச்சர் கொண்டுவந்தாரா தனி உறுப்பினரா என்று எழுதுங்கள். ஹங்கேரியில் கலந்தாலோசனைக் கட்டாயத்தைத் தவிர்க்கவே பல முக்கியச் சட்டங்கள் தனி உறுப்பினர் மசோதாக்களாக வந்தன. ஒரு பதவியின் காலத்தை நீட்டினால், அது பொதுத்தேர்தல் சுழற்சியைத் தாண்டுகிறதா என்று கணக்கிட்டுச் சொல்லுங்கள். நீதிபதிகளின் ஓய்வு வயது மாறினால், அதனால் அந்த ஆண்டே காலியாகும் இடங்கள் எத்தனை, அவற்றை நிரப்புபவர் யார் என்ற இரண்டு வரிகளைச் செய்தியின் முதல் பத்தியிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்