கவிழ்ப்பு தொடங்கியது துறைமுகத்தில்

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவும் பிரிட்டனும் சேர்ந்து நடத்திய 1953 ஈரான் ஆட்சிக் கவிழ்ப்பு பற்றிய தங்கள் கட்டுரை, டெஹ்ரான் தெருவில் காசு கொடுத்துத் திரட்டிய கூட்டத்தோடு நின்றுவிட்டது. பிரதமர் மொசாடெக்கின் கழுத்தில் சுருக்கு விழுந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, ஈரானின் எண்ணெய்த் துறைமுகமான அபாதானில்.

1951-ல் எண்ணெயை நாட்டுடைமை ஆக்கியதும் அதுவரை அதை எடுத்துவந்த ஆங்கிலோ-ஈரானியன் கம்பெனியின் பிரிட்டிஷ் பொறியாளர்கள் வெளியேறினார்கள். ஆள் இல்லாததைச் சமாளித்துவிடலாம். கப்பல் இல்லாவிட்டால் என்ன செய்வது? எண்ணெய் ஏற்றும் டாங்கர்களில் பெரும்பாலானவை பெரிய எண்ணெய்க் கம்பெனிகளின் சொந்தக் கப்பல்கள், அல்லது அவர்கள் வாடகைக்கு எடுத்தவை. துணிந்து சரக்கேற்றிய 'ரோஸ் மேரி' கப்பல் 1952 ஜூனில் ஏடனில் மடக்கப்பட்டது. எண்ணெய் தங்களுடையது என்றது கம்பெனி. பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த ஏடனின் நீதிமன்றமும் அப்படியே தீர்ப்பளித்தது. வழக்குக்குப் பயந்தே பலரும் ஒதுங்கினார்கள். 1953-ல் ஜப்பானின் 'நிஷோ மாரு' அபாதானில் ஏற்றிக் கரைசேர்த்தது, டோக்கியோ நீதிமன்றத்திலும் கம்பெனி தோற்றது. ஆனால் ஒரு கப்பலால் கஜானா நிரம்புமா? 1950-ல் தினம் 6 லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்த நாடு அது. அந்த இடத்தைக் குவைத்தும் சவுதியும் நிரப்பிவிட்டன. வருமானம் வற்ற வற்ற மொசாடெக்கின் கூட்டணியும் உடைந்தது. கூட்டணியில் இருந்த மதத் தலைவர் காஷானியே எதிரணிக்குப் போனார்.

உளவு வேலை இந்த விரிசலில்தான் நுழைந்தது. 1952 அக்டோபரில் பிரிட்டனுடன் ஈரான் உறவை முறித்ததால் பிரிட்டிஷ் உளவு அமைப்பான எம்ஐ6-க்கு டெஹ்ரானில் இடமில்லை. தன் கையாட்களான ரஷீதியான் சகோதரர்களை அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ-வோடு கோத்துவிட்டது. 1953 ஏப்ரலில் சிஐஏ 10 லட்சம் டாலர் ஒதுக்கியது.

முதல் முயற்சி தோற்றதைக் கட்டுரை சொல்லவேயில்லை. ஆகஸ்ட் 15 நள்ளிரவில், ஈரான் மன்னர் ஷா கையெழுத்திட்ட பதவிநீக்க ஆணையோடு கர்னல் நசீரி பிரதமர் வீட்டுக்கு வந்தார். விஷயம் முன்பே கசிந்திருந்தது, நசீரிதான் கைதானார். ஷா பாக்தாத் வழியாக ரோமுக்கு ஓடினார். டெஹ்ரானில் இருந்து வேலையை நடத்திய சிஐஏ அதிகாரி கெர்மிட் ரூஸ்வெல்ட் மட்டும் இடத்தைவிட்டு நகரவில்லை. அந்த ஆணையின் நகல்கள் பத்திரிகைகளுக்குப் போயின. ஆகஸ்ட் 19-ல் கூட்டமும் டாங்கிகளும் சேர்ந்து வந்தன, மொசாடெக் ஆட்சி கவிழ்ந்தது.

1954-ல் ஈரான் எண்ணெயைப் பங்கு பிரித்தார்கள்: பழைய பிரிட்டிஷ் கம்பெனிக்கு 40 சதவீதம், ஐந்து அமெரிக்கக் கம்பெனிகளுக்கு 40, ஷெல்லுக்கு 14, பிரெஞ்சுக் கம்பெனிக்கு 6. லாபத்தில் பாதி ஈரானுக்கு என்றார்கள். அந்த லாபம் எவ்வளவு என்று கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்க ஈரானியத் தணிக்கையாளருக்கு அப்போதும் அனுமதி கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
வாசகர், தூத்துக்குடி