நுரையீரலுக்கு உள்ளே நீர், வெளியே நீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது பற்றித் தங்கள் மருத்துவப் பக்கத்தில் அண்மையில் வந்த கட்டுரை, நுரையீரலைச் சுற்றி வெளியே நீர் சேர்வது, நுரையீரலுக்குள்ளேயே நீர் கசிவது என்ற இரு வேறு நிலைகளை ஒன்றாகவே கருதி எழுதப்பட்டுள்ளது. மேல்நிலை வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அதைச் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். குழப்பத்தின் வேர், கட்டுரையுடன் வந்த படத்திலேயே இருக்கிறது.

அப்படத்தில் இதயம், நுரையீரல், கல்லீரல், குடல் அனைத்தும் ஒரே பைக்குள் போட்டுக் கட்டியவை போல் காட்டப்பட்டிருந்தன. உடலின் நடுப்பகுதியோ தடுப்புகள் கொண்ட அறைகளாக அமைந்தது. மேலே மார்பறை, கீழே வயிற்றறையும் அதன் தொடர்ச்சியான இடுப்பறையும், இடையே மேல்நோக்கிக் குவிந்த உதரவிதானம் என்னும் தசைத் தடுப்பு. ஓவியர் அதை அடியோடு விட்டுவிட்டார். மூச்சை முழுதும் வெளியே விடும்போது உதரவிதானத்தின் வலப்புற உச்சி ஏறத்தாழ மார்புக்காம்பின் மட்டம் வரை உயரும் என்பதால், கல்லீரலின் பெரும்பகுதி விலா எலும்புகளுக்குப் பின்னாலேயே இருக்கிறது. விலாவின் கீழ்ப்பகுதியில் கத்திக்குத்துப் பட்டவருக்கு மருத்துவர்கள் வயிற்றையும் சேர்த்துச் சோதிப்பது இதனால்தான்.

மார்பறைக்குள்ளும் பிரிவுகள் உண்டு. நடுவில் தனக்கென ஓர் உறைக்குள் இதயம். இருபுறமும் தனித்தனி உறைகளுக்குள் நுரையீரல்கள். நுரையீரல் உறை இரண்டு படலங்களால் ஆனது. ஒன்று நுரையீரலோடு ஒட்டியிருக்கும். மற்றொன்று மார்புச் சுவரின் உட்புறத்தை மூடியிருக்கும். இவற்றுக்கு நடுவே சில தேக்கரண்டி அளவே திரவம் இருப்பதால், மூச்சுவிடும்போது அவை உராயாமல் வழுக்கிக்கொள்கின்றன. நுரையீரலுக்கு வலி உணர்வு கிடையாது, வெளிப்படலத்துக்கு உண்டு. அழற்சி ஏற்பட்டவர் ஆழ்ந்து மூச்சிழுத்தால் விலாவில் ‘சுருக்’கென்று குத்துவது அங்கிருந்துதான்.

காசநோய், நிமோனியா, புற்றுநோய் போன்றவற்றில் இவ்விரு படலங்களுக்கும் இடையே நீர் பெருகலாம். அது நுரையீரலைச் சுற்றி வெளியே நிற்கும் நீர். ஊசியால் எடுத்துவிட முடியும். நோயாளியை மேசைமேல் கைகளை ஊன்றி முன்சாய்ந்து உட்காரவைத்து, முதுகுப்புறம் மரத்துப்போகச் செய்து, விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டி ஊசியைச் செலுத்துவார்கள். கீழ்விளிம்பை ஒட்டி இரத்தக்குழாய்களும் நரம்பும் ஓடுவதால் அந்தப் பக்கத்தைத் தவிர்ப்பார்கள். எடுத்த நீரைச் சோதித்துக் காரணத்தைத் தேடுவார்கள்.

இதயத்தின் இடப்பக்கம் வலுவிழக்கும்போது நிகழ்வது வேறு. இரத்தம் பின்தேங்கி, நுரையீரலின் நுண்ணிய காற்றுப்பைகளுக்குள்ளேயே நீர் கசிகிறது. இதை எந்த ஊசியாலும் உறிஞ்சி எடுக்க இயலாது. ஆக்சிஜனும், சிறுநீரைப் பெருக்கும் மருந்தும், இதயத்துக்கான சிகிச்சையுமே வழி. இதயச் செயலிழப்பில் வெளியேயும் நீர் சேரக்கூடும் என்பது உண்மையே. ஆயினும் படுத்தால் மூச்சு முட்டி நள்ளிரவில் எழுந்து உட்காரும் ஒருவரிடம், ‘ஊசி போட்டு நீரை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்’ என்று தங்கள் கட்டுரை சொல்வது ஆபத்தானது. அவர் உடனே அவசர சிகிச்சைக்குச் செல்ல வேண்டியவர்.

நீர் எந்த அறையில் சேர்கிறது என்பதோடு, எவ்வளவு வேகமாகச் சேர்கிறது என்பதும் முக்கியம். இதய உறை எளிதில் விரிந்து கொடுக்காது. அங்கே திடீரென 200 மி.லி. அளவு இரத்தம் தேங்கினாலே இதயம் விரிய வழியின்றி உயிர் போகலாம்; அதே உறை, வாரக்கணக்கில் மெல்லச் சேரும் ஒரு லிட்டரைக்கூடச் சில வேளைகளில் தாங்கிவிடும். கட்டுரை இதைத் தொடவேயில்லை.

உதரவிதானமும் உறைகளும் தெளிவாகத் தெரியும் வேறொரு படத்துடன், ஊசி பற்றிய அந்த வரிக்கு ஒரு திருத்தத்தையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.