ஆண்டறிக்கை: கூழ், காவடி, எலும்புச் சிற்பம்

அனைவருக்கும் வணக்கம். போன தடவை அறிக்கை நீளம் என்று சொன்னீர்கள். இந்தத் தடவையும் நீளம்தான். தமிழில் படித்துவிட்டு ஆங்கிலத்திலும் சொல்கிறேன், நம் பிள்ளைகள் பாதிப் பேருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்பது தெரிந்த கதை.

வழக்கமானதை முதலில் முடித்துவிடலாம். தைப்பூசக் காவடிக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். ஆடியில் கூழ் ஊற்றினோம், மீதமில்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு நடுவில் நின்று மறுபடி ஆரம்பித்தது. 1860-இல் ஒப்பந்தக் கூலிகளாக நம் முன்னோரை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து நம் டர்பனுக்கு வந்த நவம்பர் 16 அன்று விளக்கேற்றினோம். கணக்கைப் பொருளாளர் சொல்வார், நான் அதில் தலையிடவில்லை, புது மைக்கு வேண்டும் என்பதைத் தவிர.

அப்புறம் தென்னாப்பிரிக்கச் சிற்பியும் கவிஞருமான பிட்டிகா ந்துலியைப் பற்றிய கூட்டம். இதைப் பற்றித்தான் ஆண்டு முழுக்க என்னைத் திட்டினீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

"தமிழ்ச் சங்கத்தில் இவரைப் பற்றி எதற்கு?" என்பது முதல் கேள்வி. டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தில் அவர் பணியாற்றியிருக்கிறார், அது போதாதா? 1961-இல் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கி ஆரம்பித்த கல்லூரி, பிறகு வெஸ்ட்வில் மேட்டுக்கு ஏறியது, 2004-இல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. இந்த அறையில் இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் அந்தப் பட்டம் சட்டம் போட்டுத் தொங்குகிறது.

கூட்டத்தில் பேசியவர் நம் உறுப்பினர், ஓய்வுபெற்ற ஆசிரியை. ந்துலி 1942-இல் ஸ்பிரிங்ஸில் பிறந்தவர், விட்பேங்கில் வளர்ந்தவர். நிறவெறி ஆட்சியில் நாட்டைவிட்டுப் போனவர் ஸ்வாசிலாந்தில் சுமார் ஓராண்டு சிறையில், அதுவும் மரண தண்டனைக் கைதிகளின் பகுதியில், இருந்தார். 1978-இல் வெளியே வந்து பிரிட்டன் போனார். அதற்கு முன்பே நியூயார்க்கின் பிராட் கல்லூரியில் நுண்கலை முதுகலை. லண்டனில் கேம்பர்வெல், மிடில்செக்ஸ் என்று பாடம் எடுத்தார், கண்காட்சிகளும் கலை நிகழ்ச்சிகளும் ஏற்பாடு செய்தார், கவிதை எழுதினார், நடுவில் பிரூனல் பல்கலைக்கழகத்தில் தொழிலுறவு படித்து இன்னொரு முதுகலையும் வாங்கினார். முப்பது ஆண்டுக்கு மேல் வெளியே இருந்துவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

"ஒரு வேலையிலும் நிலையா நிக்காத மனுஷன்போல இருக்கே" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது, சொல்கிறேன். நம் தாத்தாக்கள் பகலில் கரும்புத் தோட்டம் அல்லது ஆலை, சாயங்காலம் தமிழ்ப் பள்ளி, திருவிழா ராத்திரியில் தெருக்கூத்து வேஷம் என்று இருந்தவர்கள். அவர்களை யாராவது நிறுத்தி, இதில் எதுப்பா உன் தொழில் என்று கேட்டோமா?

சரி, எலும்புக்கு வருகிறேன். 2020-இல் கொரோனாவால் தேசியக் கலைவிழா இணையத்துக்குப் போனபோது ந்துலி வைத்த கண்காட்சி முழுக்க எலும்புச் சிற்பங்கள், 45. யானை, காண்டாமிருகம், ஒட்டகச்சிவிங்கி, குதிரை எலும்புகள். அந்தப் படங்களைக் காட்ட நான் தேதி குறித்தது புரட்டாசியில். தப்பு என்னுடையதுதான். வாசலிலேயே பெரியம்மா பிடித்துக்கொண்டார்: "ஏன்டா தம்பி, வீட்டுல முட்டைகூட வெக்காம விரதம் இருக்கோம், நீ முருகன் படத்துக்குப் பக்கத்துல எலும்பு காட்டப்போறியா?" நான் முழித்தேன். மூத்த உறுப்பினர் ஒருவர்தான் காப்பாற்றினார்: "அக்கா, கிளேர் எஸ்டேட் சுடுகாட்டுல எரிச்சுட்டு மறுநாள் போய் எலும்பு பொறுக்கிப் பால் ஊத்துறோமே, அதுக்கு மாசம் பாக்குறோமா?"

பெரியம்மா பதில் சொல்லவில்லை, ஆனால் உள்ளே வந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மின்வெட்டு. புரொஜெக்டர் அணைந்ததும் ஆசிரியை தன் கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கி வரிசை வரிசையாகக் கொண்டுபோனார். சின்னத் திரை, சுற்றி ஐந்தாறு தலை. எலும்பின் வளைவிலேயே முகம் இருக்கிறது, மேலே ந்துலி மணி கோத்திருக்கிறார். எலும்பு தானே எந்த உரு வேண்டும் என்று சொல்கிறது, நான் அதன் போக்கில் போகிறேன் என்பது அவர் கட்சி. நம் ஸ்தபதி தாலக் கணக்கோடு, அதாவது சிலையின் உறுப்பு அளவுகளோடுதான் வருவார், இருந்தாலும் உளி வைப்பதற்கு முன் கல்லைத் தட்டி ஓசை கேட்டு ஆண் கல்லா பெண் கல்லா என்று பார்ப்பார் அல்லவா, இரண்டும் ரொம்பத் தூரமில்லை என்று ஆசிரியை சொன்னபோது எனக்குச் சிலிர்த்தது. பெரியம்மா கைப்பேசியை மட்டும் திருப்பித் தர நேரமாயிற்று.

அதன் தொடர்ச்சியாகப் பிள்ளைகளை டர்பனுக்கு வடக்கே உள்ள மவுண்ட் எட்ஜ்கோம்புக்குக் கூட்டிப்போனோம், 1899-இல் கிறிஸ்தப்பா ரெட்டி கட்டிய கணேசர் கோயிலைப் பார்க்க. ஊரிலிருந்து கூலியாக வந்த கூட்டத்துக்கு நடுவே இப்படி ஒரு கை இருந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நம்பவில்லை. மழை வந்துவிட்டது, பாதியில் திரும்பினோம். மறுபடி போக வேண்டும்.

நிறைவேற்ற வேண்டிய தீர்மானங்கள் இரண்டு. ஒன்று, மின்கலத்தில் ஓடும் புரொஜெக்டர் வாங்குவது. பொருளாளர் முறைப்பது தெரிகிறது, பிறகு பேசலாம். இரண்டு, இப்படிப்பட்ட கூட்டங்களுக்குப் புரட்டாசியைத் தவிர்ப்பது. முன்மொழிந்தவர் பெரியம்மா, வழிமொழிபவன் நான்.