அட்வான்ஸ் கொடுக்கும் முன்பு

அன்புள்ள மாப்ள,

நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? பதில் போடாததற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன். இப்போது அவசரம் நீ வாங்கப்போகும் வீடு.

படங்கள் பார்த்தேன். வராந்தா, மாடிப்படி எல்லாம் அழகு. அழகைப் பார்த்து நீ விழுவது புதுசா என்ன? ஆனால் ஹாலில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும், அதுவும் இடுப்புக்குக் கீழே, புதுப் பெயிண்ட். அதுதான் உறுத்துகிறது.

அந்தச் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போ. பொள்ளென்று கேட்டால் பூச்சு செங்கல்லை விட்டுவிட்டது. தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் வரை, பட்டை போட்டதுபோல் உப்புப் பூத்திருந்தால், ஈரம் அடியிலிருந்து ஏறுகிறது. மேலிருந்து திட்டாக இறங்கினால் கூரையோ குழாயோ கசிகிறது. கசிவை அடைத்துவிடலாம். அடியிலிருந்து ஏறும் ஈரத்துக்குச் சுவரைக் குடைந்து தடுப்புப் போட வேண்டும்; பெரிய வேலை. சந்தேகமிருந்தால் ஒன்றரை அடிச் சதுரத்தில் பாலித்தீன் ஷீட் ஒன்றை நான்கு ஓரமும் டேப்பால் இறுக ஒட்டி ஒரு நாள் விடு. சுவர்ப் பக்கம் வேர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் வேர்த்தால் அறைக் காற்றின் ஈரம், காற்றோட்டம் போதும். விற்கிறவர் ஷீட் ஒட்டவே விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

பூச்சில் மயிரிழை விரிசல் எங்கும் இருக்கும், விடு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, செங்கல் இணைப்பைப் பிடித்துப் படிப்படியாக ஏறும் விரிசல் வேறு ஜாதி. அது 5 மி.மீ.க்கு மேல் வாய் பிளந்து, ஒரு முனை அகன்று மறு முனை ஒடுங்கி, பக்கத்துக் கதவும் சட்டத்தில் இடித்தால், அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். மாப்ள, இதில் விளையாடாதே. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் ஒரு பைசா எடுக்காதே.

பாத்ரூமுக்கு நேர் கீழே உள்ள சீலிங்கை டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார். நேராக அடித்தால் உப்பல் தெரியாது. கம்பி ஓடும் வரிசையில் விரிசலோ துருக்கறையோ இருந்தால், உள்ளே கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. 'மேலே சிமெண்ட் பூசினால் சரியாகிவிடும்' என்பார்கள். துருவை எடுக்காமல் பூசினால் திரும்பவும் பெயரும்.

எல்லாக் குழாயையும் மூடி, தொட்டிக்குத் தண்ணீர் போவதையும் நிறுத்தி, தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொள். அரைமணி கழித்து எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, சாக்கடைத் தண்ணீர் போகாமல் திரும்பி மேலே வருகிறதா என்று பார். கரண்ட் போர்டில், மின்சாரம் கசிந்தால் தானே கரண்ட்டைத் துண்டிக்கும் கசிவு பிரேக்கரின் டெஸ்ட் பட்டனை அமுக்கு. சுவிட்ச் விழவில்லை என்றால் அதை மாற்ற வேண்டும். கதவு நிலையின் அடியில் ஸ்க்ரூடிரைவரால் குத்து. உள்ளே பொதுக்கென்று போனால் கரையானோ உளுப்போ.

சுவரோடு ஒட்டி நிற்கும் பீரோவை நகர்த்தச் சொல், கூச்சப்படாதே. முடிந்தால் மழை பெய்த மறுநாள் போ. மொட்டையைக் கூட்டிக்கொண்டு போகாதே, அவன் நிழற்குடையைக் காட்டினாலும் 'பிரமாதம்' என்பான்.

விரிசல் அகலத்தையும் மீட்டர் எண்ணையும் எனக்கு அனுப்பு. அதுவரை அட்வான்ஸ் உன் பையிலேயே இருக்கட்டும்.

உன்,
கண்ணாடி